ரயில் நிற்காத ஸ்டேஷனில் ஒரு பயணி

போன ஞாயிறு காலை ஒரு பெண்ணிடம் என் போனைக் கொடுத்து, எங்களைப் போட்டோ எடுக்கச் சொன்னேன்.

அதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது. முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் திருப்பூர் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் இருவருக்கும் ஒரே நேரத்தில் இரண்டு நாள் லீவு கிடைத்தது இதுதான் முதல் தடவை. (இரண்டு கம்பெனியிலும் ஒரே வாரம் ஷிப்மெண்ட் இல்லை. நம்பவே முடியவில்லை.)

குன்னத்தூருக்குத் தெற்கே தோட்டங்களுக்கு நடுவில் ஒரு பழைய ரயில்வே ஸ்டேஷனைத் தங்கும் விடுதியாக்கி இருக்கிறார்கள். தண்டவாளத்தைக் கொஞ்சம் தள்ளி மாற்றிப் போட்டபோது தனியாக நின்றுபோன சின்னக் கட்டடம். டிக்கெட் கவுண்டர்தான் இப்போது ரிசப்ஷன். வெயிட்டிங் ரூம் எங்கள் படுக்கையறை. பிளாட்பாரமும் சிமெண்ட் பெஞ்சும் அப்படியே இருக்கின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் ரயில்கள் போய்க்கொண்டே இருக்கும். ஒன்றும் நிற்காது.

அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது ஸ்டெல்லா அக்கா. பக்கத்து ஊர்க்காரர். அவர் வைத்த அரிசிம்பருப்பு சாதத்தை வீட்டுக்காரர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். (வீட்டில் நான் செய்தால் ஒரு தடவைதான்.)

ஞாயிறு காலை டீயோடு பிளாட்பாரத்துக்கு வந்தோம். பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். காலடியில் பெரிய பையும் ஒரு பிளாஸ்டிக் வாளியும். வடக்கத்திப் பெண் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. விடுதியில் வேலைக்குச் சேர வந்தவள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அதனால்தான் கொஞ்சம்கூட யோசிக்காமல் போனை நீட்டினேன். அவளும் சிரித்துக்கொண்டே நாலைந்து படம் எடுத்துக் கொடுத்தாள். உள்ளே போய் இட்லி சாப்பிட்டோம். சாவகாசமாகப் படங்களுக்குக் கேப்ஷன் யோசித்தேன்.

பத்து மணிக்கு ஒரு எக்ஸ்பிரஸ் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாளியையும் தூக்கிக்கொண்டு, பிளாட்பாரத்தின் ஓரமாக ஓடுகிறாள். ரயில் வேலிக்கு அந்தப் பக்கம் போயே விட்டது.

நான் வெளியே போனபோது மூச்சு வாங்க நின்றிருந்தாள்.

"அக்கா, ட்ரெயின் நிக்கல. அடுத்த ட்ரெயின் நிக்குமா?"

இங்கே எந்த ரயிலும் நிற்காது என்று சொன்னேன்.

ஸ்டெல்லா அக்காவும் வந்துவிட்டார். "ஏனுங்க மேடம், இந்தப் புள்ள உங்க கூட வந்ததுன்னுல்லங்க நெனச்சேன்" என்றார். நான் அவளை அவருடைய ஆள் என்று நினைத்தேன், அவர் என்னுடைய ஆள் என்று நினைத்தார். இரண்டு மணி நேரமாக அவளிடம் போய் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெயர் சுனிதா. ஜார்க்கண்ட். குன்னத்தூர்ப் பக்கம் ஒரு யூனிட்டில் டெய்லர். வேலைக்கு வந்தபோது வேறொரு ஸ்டேஷனில் இறக்கி, ஏஜெண்ட் வேனில் நேராக ஹாஸ்டலுக்குக் கூட்டி வந்துவிட்டதால் திருப்பூர் ஸ்டேஷனை அவள் பார்த்ததே இல்லை. போனில் ஸ்டேஷன் என்று தேடியிருக்கிறாள். விடுதியின் பெயரிலும் ஸ்டேஷன் இருக்கிறதே, மேப் இங்கே காட்டியிருக்கிறது. ஆட்டோக்காரர் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். பதினொன்று பத்துக்குத் திருப்பூரில் வண்டி. பத்து மணிக்குச் சத்தம் கேட்டதும் தன் வண்டிதானோ என்று பயந்து ஓடியிருக்கிறாள். ஊரில் அவளுடைய அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். புதன்கிழமை. இதை விட்டால் அடுத்த டிக்கெட் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

வீட்டுக்காரர் லுங்கியில் இருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் கார் சாவியை எடுத்துவிட்டார்.

"துணி மாத்தற நேரமில்ல. நீ அந்தப் புள்ளையக் கூட்டிட்டு வா."

ஸ்டெல்லா அக்கா ஓடிவந்து ஒரு தூக்குப்போசி நிறைய இட்லியைக் கார் ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்தார். பாத்திரத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்று சைகையிலேயே சொன்னார்.

வழியெல்லாம் சுனிதா அழவில்லை. போனில் மணியை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்குத்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. போன வாரம் கம்பெனி மீட்டிங்கில் ஆர்டர் லேட்டானதற்கு நான் சொன்ன காரணம், "இந்த வடக்கத்தி ஆளுக திடுதிப்புன்னு ஊருக்குக் கெளம்பிடறாங்க சார்." எதற்காகக் கிளம்புகிறார்கள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

ஊத்துக்குளி ரோட்டில் ஒரு கல்யாண ஊர்வலம். பத்து நிமிடம் போனது. எப்போதும் நாற்பதுக்கு மேல் ஓட்டாத மனுஷன், அதன் பிறகு ஓட்டிய ஓட்டத்தை இங்கே எழுதக்கூடாது.

ஸ்டேஷன் வாசலில் இறங்கும்போது மணி பதினொன்று எட்டு. வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் அவள் பையோடு படியேறினார். நான் வாளியோடு. அவள் தூக்குப்போசியோடு.

மேம்பாலத்தின் நடுவில் அறிவிப்பு கேட்டது. வண்டி நாற்பது நிமிடம் தாமதம்.

வீட்டுக்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் சுனிதா அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்த நாற்பது நிமிடமும் அவளோடுதான் இருந்தோம். மூன்று பேரும் இட்லி சாப்பிட்டோம். வீடியோ காலில் அம்மாவைக் காட்டினாள். அவர் கை கூப்பினார். நானும் கூப்பினேன். வேறு என்ன பேசுவதென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

நேற்று சுனிதாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, ஆபரேஷன் நல்லா ஆச்சு. அம்மா கஞ்சி குடிச்சாங்க."

உடனே ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். அப்புறம் சொன்னார்:

"இதுக்கு முன்னாடியும் ரெண்டு பேரு இப்படி வந்திருக்காங்க மேடம். இங்க ரயில் இல்லைன்னு நான் கையாட்டி அனுப்பிட்டனுங்க. அவங்க வண்டியப் புடிச்சாங்களோ என்னவோ."

இப்போது அவரே விடுதி ஓனரிடம் பேசி கேட்டில் ஒரு போர்டு வைக்கச் சம்மதம் வாங்கிவிட்டார். அதில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: 'இங்கே ரயில் நிற்காது. தெரியாமல் வந்திருந்தால் உள்ளே வந்து சொல்லுங்கள், வழி காட்டுகிறோம்.'

தமிழில் எழுதியாகிவிட்டது. இந்தி, ஒடியா, வங்காளம் தெரிந்தவர்கள் இந்த இரண்டு வரியைக் கமெண்டில் எழுதித் தருவீர்களா?