பழனிக்கு என்று சொல்லிவிட்டுப் போன சனிக்கிழமைகள்

அம்மா பழனியிலிருந்து திரும்பிய மறுநாள், பஞ்சாமிர்த டப்பாவை எடுக்க அவளுடைய மஞ்சள் பைக்குள் கையை விட்டேன். மடித்த அட்டை ஒன்று தட்டுப்பட்டது. விமானத்தில் ஏறும்போது பாதியைக் கிழித்துக்கொண்டு மீதியைத் தருவார்களே, அந்தச் சீட்டு. அதில் அம்மாவின் பெயர். மதுரையிலிருந்து ஹைதராபாத். தேதி, பழனிக்குப் போகிறேன் என்று அவள் கிளம்பிய அதே சனிக்கிழமை.

சீட்டை இருந்தபடியே மடித்து வைத்தேன். எதுவும் கேட்கவில்லை. அது என் தொழில் பழக்கம். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, இன்சூரன்ஸ் கேட்பவர் சொல்வது உண்மைதானா என்று அறிக்கை எழுதுவது என் வேலை. வத்தலக்குண்டு பக்கம் புளியமரத்தில் மோதிய வண்டி என்பார்கள்; பம்பரில் மரப்பட்டை இருக்கிறதா, சுவர்ச் சுண்ணாம்பு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். எடுத்தவுடன் கேள்வி கேட்டால் ஆள் உஷாராகிவிடுவான். பெற்ற தாயிடமும் அதையே செய்தேன் என்று எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது.

அம்மா சாணார்பட்டி ஒன்றிய அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவள். திண்டுக்கல்லிலிருந்து முப்பது வருடம் தினமும் அதே பஸ், அதே பாதை. அவள் ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் அப்பா இறந்தார். அதன் பிறகு மாதம் ஒருமுறை பழனிக்குப் போக ஆரம்பித்தாள். சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, மடத்தில் தங்கி, ஞாயிறு சாயங்காலம் வருவாள். துணைக்கு நான் வருகிறேன் என்றால், "நீ எதுக்குப்பா, நான் போயிட்டு வாரேன்" என்பாள். பக்தி கூடிவிட்டது என்று நினைத்திருந்தோம். இப்போது டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக் கடை ஒன்றின் விலைச்சீட்டு அடியில் ஒட்டியிருந்தது.

திருநெல்வேலியில் இருக்கும் அக்காவுக்கு போன் செய்தேன்.

"ஹைதராபாத்தா? அங்க நமக்கு யாரு இருக்கா?" என்றாள்.

"யாருமில்ல."

"தம்பி, மொதல்ல வீட்டுப் பத்திரம் இருக்கானு பாரு. ஆசிரமம் அது இதுன்னு கூட்டிட்டுப் போயி வயசானவங்ககிட்ட எழுதி வாங்கிர்றாங்க."

சீச்சி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் மறுநாள் காலை அம்மா குளிக்கப் போனதும் அவளுடைய பீரோவைத் திறந்தேன். பத்திரம் பழுப்பு உறைக்குள் பத்திரமாக இருந்தது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றதும் அவசரமாக உள்ளே வைத்து மூடினேன். நிம்மதி வரவில்லை. பத்திரம் இல்லையென்றால் வேறென்ன?

அப்போதுதான் குருவி என்ற சொல் மனதில் விழுந்தது. விமானத்தில் அடுத்தவர் சாமானைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்களை அப்படித்தானே சொல்கிறார்கள். நெற்றியில் திருநீறு, கையில் மஞ்சள் பை, அறுபத்திரண்டு வயது. அம்மாவை யார் சோதனை போடப்போகிறார்கள்?

மனைவியிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. "அத்தைகிட்டயே கேட்டுற வேண்டியதுதானங்க?" என்றாள். அவள் ஆச்சரியப்படாததையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் அம்மா மறுபடி பழனி என்றாள். அவள் ஏறிய ஆட்டோவுக்குப் பின்னாலேயே காரில் போனேன். பேருந்து நிலையத்தில் பழனி வண்டி நின்றுகொண்டிருந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்துபோய் மதுரை பஸ்ஸில் ஏறினாள். சந்தேகம் சரியாகப் போனதில் எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. அதை மறைக்க முடியாது. காரை விரட்டி, அவளுக்கு முன்னால் மதுரை விமான நிலையத்துக்குப் போய், வாசலுக்கு எதிரே ஒரு தூணோரம் நின்றேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாள். வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர். அவர் திரும்பி ஏதோ சொன்னார். அம்மா சிரித்தாள். அவர் தன் தோளில் இருந்த கறுப்புப் பையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா வாங்கிக்கொண்டாள். இருவரும் காவலரிடம் போனில் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். பை அம்மாவின் கையிலேயே இருந்தது.

அவளுக்குப் போன் செய்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் போனை எடுத்துப் பார்த்ததும், அழைப்பைத் துண்டித்ததும் தெரிந்தது. செத்த நேரத்தில் செய்தி வந்தது: "கோயில் வரிசையில் நிற்கிறேன். அப்புறம் பேசுகிறேன்."

டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். காவலரிடம் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். சொல்லி, அவர்கள் அம்மாவைத் தனியாக ஓர் அறைக்கு அழைத்துப் போனால்? காரில் உட்கார்ந்துவிட்டேன். தலைக்கு மேலே ஒரு விமானம் போனது. அதில்தான் போகிறாளா என்றுகூடத் தெரியவில்லை.

ஞாயிறு மதியமே மறுபடி மதுரைக்குப் போய், வெளியே வரும் வாசலில் நின்றேன். நாலு மணிக்கு அம்மா தனியாக வந்தாள். மஞ்சள் பை மட்டும்தான். என்னைப் பார்த்ததும் நின்றாள். பிறகு நேராகக் காரை நோக்கி நடந்தாள்.

கார் சமயநல்லூரைத் தாண்டியது.

"அந்தக் கறுப்புப் பையில என்ன இருந்துச்சு?" என்றேன்.

"எந்தப் பை?"

"நேத்து அந்த ஆளு குடுத்தாரே."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஓ, நேத்தே வந்துட்டியா. அவரு ஆதார் கார்டு எங்கயோ சொருகிட்டுத் தேடிக்கிட்டு இருந்தாரு. செத்தப் புடிங்கம்மான்னாரு, புடிச்சேன். உள்ள போனதும் வாங்கிக்கிட்டாரு."

"முன்னப் பின்னத் தெரியாத ஆளு பைய வாங்கலாமா? உள்ள எதாச்சும் இருந்திருந்தா?"

"ஏலே, நீ எந்தப் பைய வேணாலும் தோண்டுவ. போன மாசம் என் பீரோவத் தோண்டுனியே, அதச் சொல்லு மொதல்ல."

காரின் வேகத்தைக் குறைத்தேன்.

"முப்பது வருசம் ஃபைல் கட்டுனவ நான். உறைக்குள்ள பத்திரம் தலைகீழா இருந்தா எனக்குத் தெரியாதா? பெத்த பிள்ள வீட்டுப் பத்திரத்தத் தேடியிருக்கானேனு அன்னிக்குப் பூராம் சோறு எறங்கல எனக்கு."

வாடிப்பட்டி அருகே காரை ஓரம் கட்டினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. வாயில் வந்ததோ வேறு. "ஏம்மா பொய் சொன்ன?"

"பழனிக்குப் போறேன்னு சொன்னா யாரும் எதுக்குன்னு கேக்கல. ஹைதராபாத்துன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பீகளா?"

பிறகு அவளாகவே சொன்னாள். ஒன்றிய அலுவலகத்தில் அதிகாரிகள் வெளியூர் போய் வந்த பயணப் பில் அம்புட்டையும் அவள்தான் தட்டச்சு செய்தாள். டெல்லி, நாக்பூர், புவனேஸ்வர் என்று ஊர்ப்பேரை அடித்த விரல், சாயங்காலம் அதே பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வரும். ஓய்வுக்குப் பிறகு போனில் ஒரு வசதியைக் கண்டுபிடித்திருக்கிறாள். மதுரையில் ஏறுவதாகப் போட்டு, இறங்கும் ஊரைக் காலியாக விட்டுவிட்டால், அந்த வாரம் எந்த ஊருக்கு டிக்கெட் மலிவு என்று அதுவே காட்டும். எது முதலில் வருகிறதோ அந்த ஊர். அவளுக்கே வியாழக்கிழமைதான் தெரியும். போய் இறங்கி, டவுன் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போவாள். கிடைப்பதைச் சாப்பிடுவாள். பெண்கள் விடுதியில் படுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

"தனியாவா?"

"ஆமா. அங்க ராத்திரிக்குத் தொட்டுக்க என்ன வெஞ்சனம்னு யாரும் கேக்க மாட்டாக."

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "எனக்கு ரெண்டாவது தடவையே தெரியும். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக" என்றாள். அன்று எல்லாருக்கும் முன்னால் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அக்காவுக்கும் போனில் நடந்ததைச் சொன்னேன். அவள், "நீ நல்லா விசாரிச்சியா?" என்று கேட்டாள்.

உண்மையில் எனக்கும் சந்தேகம் அடங்கவில்லை. யாருமே இல்லாத ஊருக்கு ஒருவர் எதற்காகப் போக வேண்டும்? அடுத்த முறை நானும் வருகிறேன் என்றேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சரி என்றாள். அந்த வியாழக்கிழமை மும்பை வந்தது.

விமானத்தில் ஜன்னல் பக்கம் அவள் உட்கார்ந்துகொண்டாள். மும்பையில் நான் ஊரைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தேன். டீக்கடைக்காரர் அவளைப் பார்த்துச் சிரித்தால் முன்பே பழக்கமோ என்று தோன்றியது. விடுதிப் பதிவேட்டில் பழைய பக்கங்களைப் புரட்டினேன். அவள் பெயர் எங்கும் இல்லை. அம்மா பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

மத்தியானம் ஒரு பஸ் நிறுத்தத்தில் நின்றோம். பஸ்ஸின் நெற்றியில் எண்கூட எனக்குப் புரியாத எழுத்தில் இருந்தது. கூட்டம் முண்டியது. அம்மா ஏறிவிட்டாள். நான் படியில் கால் வைப்பதற்குள் கதவு தானாக மூடிக்கொண்டது. கண்ணாடியைத் தட்டினேன். பஸ் போய்விட்டது.

அம்மா போனை எடுக்கவில்லை. ஐந்து முறை அடித்தேன். அது எந்த எண் பஸ் என்று யாரிடம் கேட்பது, எந்த மொழியில் கேட்பது? நின்ற இடத்தின் பெயர்கூடத் தெரியவில்லை. அவளுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று பயந்தேன். அரை மணி கழித்து அவளே கூப்பிட்டாள்.

"கடைசி ஸ்டாப்புல இருக்கேன். அடுத்த வண்டியில ஏறி வா. ஸ்டாப்பு பேரு அனுப்புறேன், கண்டக்டர்கிட்ட காட்டு."

காட்டினேன். இறங்கியபோது எதிரே கடல். அம்மா ஒரு கல்திட்டில் உட்கார்ந்து சுட்ட சோளக்கதிர் தின்றுகொண்டிருந்தாள். எனக்கும் ஒன்று வாங்கி வைத்திருந்தாள்.

"நான் வரலைன்னு தெரிஞ்சும் ஏம்மா எறங்கல?"

"கதவு தொறக்கலப்பா."

"அடுத்த ஸ்டாப்புல எறங்கியிருக்கலாமே?"

அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு, "ஆறிரும், தின்னு" என்றாள்.

அதன் பிறகு நான் அவளுடன் போனதில்லை. அவள் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். எந்த ஊர் என்று வியாழக்கிழமையே சொல்லிவிடுகிறாள். ஆனால் அன்று அந்த அரை மணி நேரம் அவளுடைய போனுக்கு நான் அடித்தபோதெல்லாம் மணி போய்க்கொண்டே இருந்தது. கூட்டத்தில் கேட்கவில்லை என்று அவள் சொன்னதை நான் இன்னும் நம்பவில்லை.