விருந்தாளிக்காக வைத்த பிரஷ்

"ஒண்டையும் கழுவாதேங்கோ. இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும்" என்று ஆய்வாளர் தொலைபேசியில் இரண்டு தடவை சொன்னார். யாழ்ப்பாணத்துப் பெண். பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்தில், நுரையீரலைப் பிடிக்கும் கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். எங்கள் மகளின் சளியில் அப்படியொரு கிருமி முதல் தடவையாக வந்திருந்தது. அது வீட்டில் எங்காவது இருக்கிறதா என்று பார்க்க வரப்போவதாகச் சொன்னார்.

சரி மிஸ் என்றேன். போனை வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்தேன்.

மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோய் அவளுக்குப் பிறவியிலேயே இருந்திருக்கிறது. அவளுடைய நுரையீரலில் ஊறும் சளி மற்றவர்களுடையது போல இளகி வெளியே வராது, பசை மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒன்பது வயது வரை ஆஸ்துமா என்றே மருந்து எடுத்தோம். வியர்வையில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று சோதித்த பிறகுதான் நோயின் பெயர் தெரிந்தது. நான் வேலை செய்யும் கந்தோரில் அந்தப் பெயரைச் சொன்னால் என்ன, என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அதனால் சொல்வதில்லை. அவளும் பள்ளிக்கூடத்தில் 'வீசிங்' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள். சிநேகிதிகள் யாருக்கும் உண்மை தெரியாது. அது தெரியக் கூடாது என்பதில் அவள் காட்டிய பிடிவாதத்தை மருந்து எடுப்பதில் காட்டியதில்லை.

வந்த கிருமியின் பெயர் சூடோமோனாஸ். ஈரம் காயாத எந்த இடத்திலும் இருக்குமாம். எனக்கோ உங்களுக்கோ அதனால் ஒன்றும் ஆகாது. இவளைப் போன்றவர்களுக்குள் போனால் உடனே துரத்த வேண்டும். விட்டால் தன்னைச் சுற்றி வழுவழுப்பாக ஒரு போர்வையை உண்டாக்கிக்கொண்டு நுரையீரலிலேயே தங்கிவிடும், பிறகு எந்த மருந்தாலும் முழுதாக வெளியேற்ற முடியாது, நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். துரத்துவதற்கு மருந்து தொடங்கியாயிற்று. வீட்டுக்குள் அது ஒளிந்திருந்தால் மறுபடி வரும். ஆய்வாளர் வருவது அதற்காகத்தான்.

இவ்வளவும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கழுவினேன்.

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டை வீதிக்கு மேலே, படியேறிப் போகவேண்டிய சரிவில் இருக்கிறது. பின்சுவர் மண்ணோடு ஒட்டியது. மழைக்காலத்தில் சமைக்கிற குசினியின் மூலை பாசி பிடித்துக் கறுத்துப் போகும்.

"படிச்ச புள்ள வருது. அந்த மூலையவா காட்டப் போறீங்க?" என்றாள் மனைவி.

"கழுவக் கூடாதுன்னு சொன்னாங்க."

"அது மரியாதைக்குச் சொல்றது. தேத்தண்ணி வேணாம்னுந்தான் சொல்வாங்க. போடாம வுட்டுருவமா?"

அவள் கம்பளையில் கடைக்காரர் வீட்டில் பிறந்தவள். ஆள் வருகிறது என்றால் அலுமாரி திறந்துவிடும். விருந்தாளிக்கென்று வைத்த துவாய், வைத்த கோப்பை, வைத்த சோப்புத் தட்டு எல்லாம் வெளியே வரும். நான் குழாயடியைக் குளோரின் போட்டுத் தேய்த்தேன். மகள் மருந்தை ஆவியாக இழுக்கும் நெபுலைசர் கருவியின் மருந்துக் கிண்ணத்தைக் கழுவும் சின்ன பிரஷ் ஒன்று, குழாய்க்குப் பக்கத்தில் ஒரு டம்ளரில் எப்போதும் நிற்கும். மயிரெல்லாம் விரிந்து பழுப்பேறிப் போயிருந்தது. அதைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. டவுனுக்குப் போய்ப் புதிது ஒன்று வாங்கி வந்து, டம்ளரையும் மாற்றி வைத்தேன். பழையதை ஒரு பையில் சுற்றி அலுமாரிக்கு மேலே போட்டேன்.

ஆய்வாளர் வந்தார். பஞ்சு சுற்றிய குச்சிகளால் குழாய்வாய், வடிகால், வாளி, மருந்துக் கிண்ணம், பிரஷ் எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்துச் சின்னக் குழாய்களில் போட்டுக்கொண்டார். பிறகு கதிரையில் உட்கார்ந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"கடைசியாக் கழுவினது எப்ப?"

"ரெண்டு மூணு நாளிருக்கும்" என்றேன்.

கதவோரம் நின்ற மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

தேத்தண்ணி குடித்துவிட்டு, "இவ்வளவு துப்புரவான வீட்டை நான் காணேல்லை" என்றார் ஆய்வாளர். மனைவிக்கு அன்று முழுக்க அதே பேச்சு. மகள் ஒரு வாரம் அதை வைத்து எங்களைக் கேலி செய்தாள். "அம்மா, இவ்வளவு துப்புரவான சோத்தை நான் காணேல்லை!"

வீட்டில் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. மருந்து முடிந்தபோது சளியிலும் இல்லை. நிம்மதியாக இருந்தோம். அதற்கு முன்பே விருந்தாளித் துவாய் அலுமாரிக்குத் திரும்பியிருந்தது. புது பிரஷ்ஷையும் நான் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, பழையதையே எடுத்துப் பாவித்துக்கொண்டிருந்தேன். நல்லது கிடக்கட்டும் என்று எண்ணியிருப்பேன். மாலையில் கிண்ணத்தை அவித்து எடுப்பேன். காலையில் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் அவிக்க நேரமிருக்காது. பிரஷ் போட்டுக் கழுவி உதறி வைப்பதோடு சரி.

மூன்றாம் மாதம் கிருமி திரும்பி வந்தது.

கிளினிக்கில் ஆய்வாளரும் இருந்தார். எங்களைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்து மெதுவாகப் பேசினார். "உங்கட வீட்டில ஒண்டும் இல்லை. அப்ப பள்ளிக்கூடத்துத் தண்ணியைத்தான் பார்க்கவேணும். அதிபருக்கு ஒரு கடிதம் எழுதட்டோ?"

மகளின் முகம் வெளுத்தது. "என்ன எழுதுவீங்க மிஸ்? என் பேரு இருக்குமா?"

"விளக்கம் குடுக்கத்தானே வேணும், பிள்ளை."

அவள் என் சேர்ட் கையைப் பிடித்து இழுத்தாள். "சொல்லுங்கப்பா. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" கேலி செய்யும் பிள்ளை அல்ல அவள் அப்போது.

சொன்னேன். குளோரின், டம்ளர், பையில் சுற்றிய பிரஷ், ரெண்டு மூணு நாள் என்ற பொய், எல்லாவற்றையும். நாற்பத்தெட்டு வயதில் ஒரு தாழ்வாரத்தில் நின்று அப்படி ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆய்வாளர் கையிலிருந்த பேனையை மூடினார். பிறகு, "உங்கட வீட்டைச் சுத்தம் எண்டு ஆராய்ச்சிக் கணக்கில சேர்த்திட்டன். அதை எடுக்கவேணும்" என்றார்.

"கோவமா மிஸ்?"

"கோவமில்லை. பயமாக் கிடக்கு. இன்னும் எத்தினை வீட்டுக்காரர் எனக்காகக் கழுவினவையோ."

அன்று பின்னேரமே எங்களோடு வீட்டுக்கு வந்தார். மனைவி பதறிப்போய்க் கதிரையிலிருந்த துணிகளை அள்ளப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். குசினி மூலை கறுத்திருந்தது. டம்ளரின் அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் நின்றது. ஆய்வாளர் பிரஷ்ஷை அப்படியே ஒரு பைக்குள் போட்டுக் கட்டினார்.

சோதித்துவிட்டு வந்து சொன்னார், பிரஷ்ஷில் கிருமி இருந்தது. மகளின் சளியில் இருந்த அதே வகை.

"அப்ப என்னாலதான்" என்றேன்.

"அப்பிடிச் சொல்லேலாது. பிள்ளைக்கு வேறெங்கயோ இருந்து வந்து, கிண்ணத்தால பிரஷ்ஷுக்குப் போயிருக்கலாம். பிரஷ்ஷில இருந்து பிள்ளைக்கும் வந்திருக்கலாம். நான் முதல் வந்த அண்டைக்கே இந்த பிரஷ்ஷை எடுத்திருந்தா ஏதாவது சொல்லியிருப்பன்." அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை என்று தெரியும். உள்ளதைச் சொன்னார். என் மேல் பழி போடாமல் விட்டதும் அந்த நேர்மைதான், என்னைத் தப்பவிடாததும் அதுதான்.

மனைவி அன்றைக்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. வீட்டுக்கு ஆள் வரும்போது அலுமாரியைத் திறப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

இரண்டாம் தடவை மருந்து கொடுத்தார்கள். இம்முறை நாளத்தில் ஊசி வழியாகவும் ஏற்றி, இரண்டு வாரம் வார்ட்டில். பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் என்று சொன்னோம். மருந்து முடிந்து ஒரு மாதம் கழித்து எடுத்த சளியில் கிருமி இருந்தது. அடுத்த தடவையும் இருந்தது. இனித் துரத்துவதைப் பற்றிப் பேச வேண்டாம், அடக்கி வைப்பதைப் பற்றிப் பேசுவோம் என்றார் டாக்டர். இழுக்கும் மருந்து இனி நிற்காது. நெஞ்சின் பலத்தை அடிக்கடி ஒரு கருவியில் ஊதிப் பார்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் தரிப்பிடத்துக்கு நடந்து வந்தோம். பேசிப் பேசி மனதில் ஒத்திகை பார்த்திருந்த மன்னிப்பை அவளிடம் கேட்டேன். நான் அந்தப் பெண் சொன்னதைக் கேட்டிருந்தால், என்று தொடங்கினேன்.

"வுடுங்கப்பா. மிஸ்ஸுக்கே தெரியலன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பத்தடி நடந்த பிறகு மூச்சு வாங்க நின்றாள். பாதையில் அவளுடைய பள்ளிக்கூடச் சீருடையில் சில பிள்ளைகள் போனார்கள். அவர்கள் தூரம் போகும் வரை முகத்தைக் கடைப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

"ஸ்கூலுக்குக் கடிதம் போகலல்ல?"

"போகல."

"யாருக்கும் தெரியாதுல்ல?"

தெரியாது என்றேன். அது ஒன்றைத்தான் அன்றைக்கு அவளிடம் என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது.