கொரட்டூர் ஞானம்மாள் சொல்லாமல் விட்டது

ஞானம்மாளுக்கு யோசித்துவிட்டுப் பேசும் பழக்கம் கிடையாது. பாடியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் அவளுக்குச் சோறு வடிக்கிற வேலை. அங்கேயே மெஷினில் அடிபட்டுக் கணவன் செத்த பிறகு கிடைத்த வேலை அது. அண்டாக்களின் இரைச்சலுக்கு நடுவே கத்திக் கத்திக் குரல் பெரிசாகிவிட்டது. கொரட்டூர் ஏரியை ஒட்டி ஓட்டு வீடு ஒன்று, எபநேசர் என்று ஒரே மகன், ஞாயிற்றுக்கிழமையானால் சர்ச். அவளுடைய உலகம் இவ்வளவுதான்.

எண்பத்தைந்தாம் வருஷம் கோடையில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்தும் யாரும் எழுந்திருக்க வேண்டாம் என்று போதகர் கையமர்த்தினார். இலங்கையிலிருந்து படகேறி வந்த ஒரு குடும்பம் சர்ச் வராந்தாவில் தங்கியிருந்தது. ஒரு பெரியவர், அவர் மகள், பேத்தி. தெரிந்தவர்களை நம்பி மண்டபம் முகாமிலிருந்து மெட்ராசுக்கு வந்து, அவர்கள் கதவைத் திறக்காமல் போனதால் நடுத்தெருவில் நின்றவர்கள்.

"யார் வீட்லயாவது கொஞ்சம் இடம் இருந்தா நல்லது" என்றார் போதகர்.

கமிட்டிக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம சபை ஜனங்களாய்யா?" என்று கேட்டார்.

"இல்ல. சைவக்காரங்க."

போதகர் அதைச் சொல்லி முடிக்கும் முன்பே ஞானம்மாள் எழுந்துவிட்டாள். "என் ஊட்ல பின்னாடி ரூம்பு ஒண்ணு சும்மாதான் கெடக்குதுங்கய்யா. வரச் சொல்லுங்க."

உட்கார்ந்த பிறகுதான் அந்த அறையில் ஓடு ஒழுகுவதும், எபநேசர் அங்கேதான் படிக்கிறான் என்பதும் ஞாபகத்துக்கு வந்தது.

பெரியவர் பெயர் கந்தையா. வவுனியா பக்கம் தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். மகள் தவமணி. அவளுடைய புருஷனை ஒரு நாள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பிறகு ஆள் வரவே இல்லை. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமலே அவள் கடல் தாண்டியிருந்தாள். பேத்தி துஷ்யந்திக்கு அப்போது ஒன்பது வயது. யாராவது சத்தமாகப் பேசினால் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். ஞானம்மாள் பேசுவதே சத்தம்தான் என்பதால் முதல் ஒரு மாதம் குழந்தையின் முகத்தை அவள் சரியாகப் பார்க்கவே இல்லை.

வந்த அன்று கந்தையா திருநீற்றுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். "பிள்ளை, இது கிறிஸ்தவ வீடு..."

"பூசிக்குங்கய்யா. உங்க சாமி உங்களுக்கு. மணி மட்டும் அடிக்காதீங்க, எம் புள்ள படிக்கிறான்."

அந்த வருஷ மழையில் ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. ஞானம்மாள் கேன்டீனிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து பார்த்தபோது அரிசி, துணிமணி, கணவனின் போட்டோ எல்லாம் பத்திரமாகப் பரண் மேல் இருந்தன. தவமணியின் ஒரே பெட்டி தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் அவர்களை யாரும் ஒண்ட வந்தவர்கள் என்று சொல்ல ஞானம்மாள் விடவில்லை.

தவமணி தெருவுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்தாள். பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணத்தின் மகள் கல்யாணத்துக்கு அவள்தான் எல்லாம் தைத்துக் கொடுத்தாள். கந்தையா தினமும் சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய் மின்சார ரயில்கள் வந்து போவதைப் பார்த்துவிட்டு வருவார். "எங்கட ஊரில ரயில் ஒழுங்கா ஓடி எவ்வளவு காலம் பிள்ளை" என்பார். துஷ்யந்தி ஞானம்மாளைப் பெரியம்மா என்று கூப்பிட ஆரம்பித்து, கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நின்று பாடவும் செய்தாள். ஒரு தடவை ஞானம்மாளுக்கு மஞ்சள் காமாலை முற்றி எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, தவமணிதான் கஞ்சி ஊட்டி, தலை வாரி, வாந்தி அள்ளினாள்.

சர்ச்சில் ஞானம்மாளுக்கு ஒரு மதிப்பு வந்தது. "நம்ம ஞானம்மாதான் சபைக்கே சாட்சி" என்றார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. அடுத்த நாளிலிருந்து தெருவின் முகமே மாறிவிட்டது. இலங்கைப் பேச்சு காதில் விழுந்தால் டீக்கடையில் ஆட்கள் வாயை மூடிக்கொண்டார்கள். தைக்கக் கொடுத்த துணிகளைப் பாதியிலேயே வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். போலீஸ் வந்து கந்தையாவை விசாரணைக்குக் கூட்டிப்போனது. மறுநாள்தான் திரும்பி வந்தார். அதோடு ரயில் பார்க்கப் போவதை நிறுத்திவிட்டார்.

பஞ்சவர்ணம் சுவரோரம் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னாக்கா, இன்னும் அவுங்கள ஊட்ல வெச்சிகினு கீறே? நாளைக்கு ஒண்ணுன்னா தெருவையே இஸ்துகினு பூடுவான்."

"ஒம் பொண்ணு கல்யாண ஜாக்கெட்டு யாரு தச்சது? போடி உள்ள" என்று விரட்டினாள் ஞானம்மாள். அன்றைக்கு அவளுக்குத் துணிச்சல் இருந்தது.

அந்தத் துணிச்சலைக் கரைத்தது வேறொன்று. எபநேசர் ஐ.டி.ஐ. முடித்து மூன்று வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தான். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டராகத் தேர்வாகியிருந்தான். போலீஸ் விசாரணை மட்டும்தான் பாக்கி. ஏட்டு ஒருவர் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு மரியாதையாகவே சொன்னார்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. அவங்க மேலயும் இல்ல. ஆனா வீட்ல யார் யார் கீறாங்கன்னு நான் எழுதியாவணும். இருந்தா இருக்காங்கன்னுதான் எழுதுவேன். அடுத்த வாரம் வரேன்."

எபநேசர் அவளோடு சண்டை போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் சண்டை போடவில்லை. "நான் அவங்களப் போவச் சொல்லலம்மா" என்றான். "துஷி எனக்குத் தங்கச்சி மாதிரி. ஆனா இது போச்சுன்னா எனக்கு வேற வழி இல்ல. நீயே பாத்துக்கோ."

போதகரிடம் ஓடினாள். கும்மிடிப்பூண்டி அகதிகள் முகாமுக்குப் போனால் அரசாங்கமே அரிசி கொடுக்கும், பாதுகாப்பும் இருக்கும் என்றார். பிறகு, "சபையா இதுல ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. நீ ஜெபம் பண்ணி முடிவெடு" என்றார். ஜெபம் பண்ணினாள். பதிலாக எதுவும் வரவில்லை.

ஏட்டு வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள் மத்தியானம், ஞானம்மாள் வஞ்சிர மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். கந்தையா மீன் சாப்பிட மாட்டார் என்பதால் அவருக்குத் தனியாகக் கத்திரிக்காய் வதக்கினாள். எல்லோரையும் உட்கார வைத்துப் பரிமாறினாள். வாயில் ஒரு வார்த்தை இல்லை. அவள் இப்படி அமைதியாக இருந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

தவமணி கை கழுவிவிட்டு வந்து அவளுக்கு எதிரில் நின்றாள். "அக்கா, நாங்கள் முகாமுக்குப் போறம். அப்பாவோட கதைச்சிட்டன். நாளைக்குக் காலமை வெளிக்கிடுறம்."

ஞானம்மாள் பேச வேண்டிய நேரம் அதுதான். போக வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கொஞ்ச நாள் கழித்து வந்துவிடுங்கள் என்றாவது சொல்ல வேண்டும். எதையும் யோசிக்காமல் பேசிவிடுகிறவள், அன்று நன்றாக யோசித்தாள். யோசித்துவிட்டு, "வழிக்குப் புளிச்சோறு கட்டித் தரேன்" என்றாள்.

எபநேசருக்கு வேலை கிடைத்தது. முதல் மாதம் அம்மாவுக்கு மின்விசிறி வாங்கிக்கொண்டு வந்தான். அவள் அதைப் பின்னறையில் மாட்டச் சொன்னாள். அங்கே யாரும் படுப்பதில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு போதகர் அந்நியரை உபசரிப்பது பற்றிப் பிரசங்கம் செய்தார். நடுவில் அவள் பக்கம் கையைக் காட்டி, "நம்ம ஞானம்மா ஆறு வருஷம் செஞ்சதை நாம ஒரு நாளாவது செஞ்சிருக்கமா?" என்று கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஞானம்மாள் எழுந்து வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகு சர்ச்சுக்கு வந்தாள், ஆனால் திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்க மட்டும் எழுந்து போகவில்லை.

போதகர் வீட்டுக்கே வந்தார். "ஒரு மனுஷியால எவ்வளவு முடியுமோ அவ்வளவு செஞ்சிட்டம்மா. அதுக்கு மேல கர்த்தர் கேக்க மாட்டாரு."

"அவ்வளவு செய்யலிங்கய்யா" என்றாள் ஞானம்மாள். "இன்னும் கொஞ்சம் முடிஞ்சிருக்கும். அது எனக்குத் தெரியும்."

கிறிஸ்துமஸ் கழிந்ததும் பச்சரிசியும் தேங்காயும் துஷ்யந்திக்கு ஒரு பாவாடைத் துணியும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, விசாரித்து விசாரித்து முகாமுக்குப் போய்ச் சேர்ந்தாள். வாசலில் பெயர் சொல்லிக் காத்திருந்த பிறகு தவமணி வந்தாள். மெலிந்திருந்தாள். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யா எங்க?" என்று கேட்டாள் ஞானம்மாள்.

"அப்பா கார்த்திகையில போயிட்டார் அக்கா. இழுப்புத்தான். ரெண்டு நாள் கிடந்தார்."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதாடி?"

"உங்களுக்குக் கரைச்சல் வேண்டாமெண்டு அப்பாதான் சொன்னவர்."

ஞானம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். துஷ்யந்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நன்றாக உயர்ந்திருந்தாள். "குடியுங்கோ ஆன்ட்டி" என்றாள். பெரியம்மா என்று சொல்லவில்லை. வேண்டுமென்று செய்ததாகவும் தெரியவில்லை.

அழுது ஓய்ந்ததும் ஞானம்மாள் கேட்டாள். "நம்ம ஊட்டுக்கே வந்துடுங்க. எபிக்கு வேலை நிரந்தரமாயிடும். எவன் இன்னா எழுதிக்கினா எனக்கு இன்னா?"

தவமணி அவள் கையை விடவில்லை. "கப்பல் விடுகினம் அக்கா. பேர் குடுத்திட்டம், ஊருக்குப் போறம்."

"அங்க சண்ட ஓயலியேடி!"

"ஓம், ஓயேல்லைத்தான்." பிறகு மெதுவாகச் சொன்னாள். "உங்களில எனக்குக் கோவம் இல்லை. ஆறு வருஷம் சொந்தக்காரர் மாதிரி வச்சிருந்தியள், அதை நான் மறக்க மாட்டன். ஆனா திரும்பி வந்தா, நான் எப்பவும் உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டே இருப்பன் அக்கா. இண்டைக்குப் போகச் சொல்லுவாவோ, நாளைக்குச் சொல்லுவாவோ எண்டு. அப்படி இருக்க என்னால ஏலாது."

ஞானம்மாள் பாவாடைத் துணியைத் துஷ்யந்தியின் கையில் வைத்தாள். கந்தையாவை எரித்த இடத்தைக் காட்டச் சொன்னாள். அது தூரம், வெளியே போக அனுமதி கேட்க வேண்டும் என்றாள் தவமணி. மணி அடித்ததும் இருவரும் உள்ளே போய்விட்டார்கள்.

கப்பல் எப்போது போனது என்று அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நாள் கழித்து முகாமுக்குப் போனவள், போய்விட்டார்கள் என்ற பதிலோடு திரும்பினாள்.

எபநேசருக்குக் கல்யாணமாகி ஆவடியில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஞானம்மாள் கேன்டீன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவளைத் தன்னோடு கூட்டிக்கொண்டான். பேரக் குழந்தைகளிடம் அவள் பிரியமாகத்தான் இருந்தாள். ஆனால் பழைய சத்தம் போய்விட்டிருந்தது. மருமகள் கேட்டதற்கெல்லாம் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். அத்தை ரொம்ப நிதானம் என்று மருமகள் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

மாலையில் ரேடியோவில் இலங்கைச் செய்தி வரும். வவுனியாவில் சண்டை, சனங்கள் காட்டுக்குள் ஓடினார்கள், இத்தனை பேர் இறந்தார்கள் என்று படிப்பார்கள். எபநேசர் எழுந்து அதை நிறுத்தப் போவான்.

"இருக்கட்டும்டா, கேக்கறேன்" என்பாள்.

யார் பெயரையும் அதில் சொல்ல மாட்டார்கள்.