புலிக்குப் பக்கத்து நாற்காலி

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்றால், சாப்பிட வருகிறார்கள். தெற்கே இருக்கிற ஊர். பெரிய நகரமென்று பீற்றிக்கொள்ளவும் முடியாது, சின்ன ஊரென்று ஒதுக்கவும் முடியாது. காலையில் சாப்பிட்டுவிட்டு ஆற்றங்கரையில் படம் எடுத்துக்கொள்வார்கள். மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழும்வரை எங்கே போவதென்று தெரியாமல் எங்கள் அருங்காட்சியகத்துக்கு வருவார்கள். கலை ஆர்வம் எல்லாம் ஒன்றுமில்லை, உள்ளே மின்விசிறி ஓடுகிறது. டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து இத்தனை காலம் முகங்களைப் பார்க்கிற எனக்கு இதுகூடத் தெரியாதா?

தலையாட்டி எங்கள் காவலாளி. மிருகக் கூடத்தில், பஞ்சு அடைத்த புலிக்குப் பக்கத்தில் அவருக்கு நாற்காலி. தூங்கும்போது தலை முன்னும் பின்னும் ஆடும், அதனால் அந்தப் பெயர். அது அவருக்கே பிடித்துப்போய், போனில்கூட "தலையாட்டி பேசுறேன்" என்பார். வேலை ஒப்பந்தத்தில்தான், எப்போது வேண்டுமானாலும் போகலாம். அவர் மனைவிக்குப் பக்கத்துக் கட்டடத்து ஓட்டலில் சமையல்கட்டு வேலை. விடியும் முன்பே வந்துவிடுவார். வெளியூர்க்காரர்கள் விரலைச் சப்பிச் சாப்பிடுவதில் பாதி அந்தம்மாவின் கை பட்டது. ஆனால் அந்த ஓட்டலின் முன்பக்கத்தில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. இரண்டு கட்டடத்துக்கும் நடுவே ஒரே சுவர். மத்தியானமானால் சுவருக்கு மேலே ஒரு கையும் தூக்குவாளியும் மட்டும் தெரியும். தலையாட்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் புலிக்குப் பக்கத்தில் சாய்வார். அப்புறம் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

ஒரு விடுமுறையில் வந்த குடும்பத்துச் சிறுமி அவர் மீசையைத் தொட்டுப் பார்த்து, "அப்பா, இது மெழுகு பொம்மையா?" என்று கேட்டிருக்கிறாள். அப்பாக்காரர் புலியையும் இவரையும் சேர்த்துப் படம் எடுத்து ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டார். அதிலிருந்து கவுன்டருக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: "தூங்குறவர் எந்தப் பக்கம்?" உள்ளே கல்லிலும் செம்பிலும் எத்தனையோ சிலைகள் கால் கடுக்க நிற்கின்றன. அவற்றை ஒரு நாய்கூடக் கேட்கவில்லை. சுற்றுலாத் துறை அச்சடித்த பிரசுரத்தில், குடும்பத்தோடு கண்டு களிக்க வேண்டியவை என்று ஆற்றங்கரைக்கும் பூங்காவுக்கும் நடுவே தலையாட்டியின் படத்தைப் போட்டுவிட்டார்கள்.

எங்கள் காப்பாட்சியர் சும்மா இருப்பாரா? வேலை நேரத்தில் தூங்குகிறார் என்று தலையாட்டியை வீட்டுக்கு அனுப்பத் துடித்துக்கொண்டிருந்த அதே மனிதர், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மூடும்வரை தூங்குவதே இவருடைய பணி என்று உத்தரவு போட்டார். மெத்தை வைத்த நாற்காலி வந்தது. சுற்றிலும் கயிறு கட்டினார்கள். புலிக்கு முன்னால் இருந்த 'தொடாதீர்கள்' பலகையைத் தூக்கி இவருக்கு முன்னால் வைத்தார்கள். காவலாளி தூங்கினால் காவலுக்கு யார் என்று இன்னொரு காவலாளியைப் போட்டார்கள். அவருக்கு வேலை, இவரை யாரும் எழுப்பிவிடாமல் பார்த்துக்கொள்வது.

அன்றைக்கே தூக்கம் ஓடிப்போனது.

"அக்கா, கண்ண மூடினா வேலை ஞாபகம் வருது" என்றார் என்னிடம்.

"உங்க வேலையே தூங்குறதுதானே?"

"அதான்க்கா வரமாட்டேங்குது."

வீட்டிலும் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நடித்துப் பார்த்தார், தலையைக்கூட ஆட்டினார். குழந்தைகளிடம் அந்தப் பாச்சா பலிக்குமா? "இவரு பொய்த் தூக்கம் தூங்குறாரு!" என்று ஒன்று கத்த, கூடமே சிரித்தது. அவர்களுடைய மாமா ஒருவர் நேராக என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டார். "இதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தோமா?" புலி மட்டும் நிஜமாகவா நிற்கிறது என்று கேட்டேன். முறைத்துக்கொண்டே போனார்.

இந்த நேரம் பார்த்துத் தலைநகரிலிருந்து அருங்காட்சியகத் துறை இயக்குநர் அம்மா வரப்போவதாகச் செய்தி. ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்ப்பார். பிடித்துப்போனால் தலையாட்டிக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் நாற்காலியும் கிடையாது, வேலையும் கிடையாது. மகள் கல்லூரிக்குப் போகவேண்டிய வருடம் வேறு. மனுஷன் கண்ணெல்லாம் கோவைப்பழமாகத் திரிந்தார்.

"வீட்டு ஆளுங்க பக்கத்துல இருந்தா தூக்கம் வரும்யா. கூட்டிட்டு வாங்க" என்றார் காப்பாட்சியர். ஓட்டல் முதலாளியிடம் அவரே பேசி அந்தம்மாவுக்கு விடுப்பு வாங்கிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பெட்டி மடிப்புக் கலையாத துணியில் வந்து நின்றார்கள். "எங்கெங்கிருந்தோ வந்து நம்ம ஊரச் சுத்திப் பாக்குறாங்க. நாங்க இந்தச் சுவத்தத் தாண்டினதே இன்னைக்குத்தான் ஆன்ட்டி" என்றாள் மகள். அந்தம்மா எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பார்க்கப்போவதாகச் சொன்னார்.

முதலில் மிருகக் கூடத்துக்குப் போனார்கள். தலையாட்டி மெத்தையில் உட்கார்ந்து கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அந்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"எந்திரிங்க, நாற்காலில ஏதாவது கோளாறான்னு பாக்குறேன்" என்று உட்கார்ந்தார். "நல்லாத்தானே இருக்கு, இதுக்கு என்ன..."

அவ்வளவுதான். கேள்வி பாதியில் நின்றது. வாய் லேசாகத் திறந்திருக்க, கைகள் மடியில் விழுந்துவிட்டன.

அந்த நேரம்தான் இயக்குநர் பரிவாரத்தோடு உள்ளே வந்தார். பின்னால் வெளியூர்க் குடும்பங்கள். "அடடே, இவங்கதானா? படத்துல மீசை இருந்ததே?" என்றார். அதற்குள் முப்பது போன்கள் உயர்ந்துவிட்டன. ஒருவன் குழந்தையைக் கயிற்றுக்கு மேலே தூக்கி அந்தம்மாவின் மடியில் வைக்கப் பார்த்தான், படத்துக்காக.

தலையாட்டி குறுக்கே வந்து நின்றார். இந்த மனிதர் இரண்டு கையையும் விரித்து நின்று நான் பார்த்ததில்லை.

"போன உள்ள வைங்க. இது காட்சி இல்ல. வெளிய போங்க."

"எழுப்பிட்டு நீங்க உக்காருங்க" என்று காப்பாட்சியர் அவர் காதைக் கடித்தார். "இன்னைக்கு விட்டா வேலை போச்சுய்யா!"

"தெரியும் சார்."

"அப்புறம் என்ன?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து பகல்ல அவ உக்காந்து நான் பாத்ததில்ல சார்."

இயக்குநர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். "மெதுவாப் பேசுங்கம்மா" என்றார் தலையாட்டி. இயக்குநர் அம்மா விறுவிறென்று திரும்பி நடந்தார். காப்பாட்சியர் பின்னாலேயே ஓடினார். கூட்டத்தை நானும் மகளும் கதவுவரை தள்ளிக்கொண்டு போனோம். மூடும் மணியை நான் அடிக்கவில்லை.

இருட்டும் வேளையில் அவர் மனைவி பதறி எழுந்தார். "ஏங்க எழுப்பல? எல்லாரும் வந்துட்டுப் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"வேலை?"

"இல்ல."

அந்தம்மா அவர் முகத்தைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அவரோ கலைந்த தலையை முடிந்துகொண்டு எழுந்து, கணவர் கையைப் பிடித்தார்.

"சரி, வந்தது வந்தோம். மொத அறையிலேர்ந்து எல்லாத்தையும் காட்டுங்க."

கூடங்களெல்லாம் பூட்டி இருளாகக் கிடந்தன. நான் சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு விளக்காகப் போட்டபடி அவர்களுக்கு முன்னால் நடந்தேன்.