எழுதியதை மறக்கும் வினோலியா

வினோலியாவுக்கு ஞாபகசக்தி இல்லை என்று யாராவது சொல்லியிருந்தால் திருநெல்வேலி டிரங்க் எக்ஸ்சேஞ்சே சிரித்திருக்கும். உவரி மீன் ஏலக்காரர், உடன்குடி கருப்பட்டி வியாபாரி, கங்கைகொண்டான் பக்கம் ஆலை வைத்திருப்பவர் என்று முந்நூறு பேருடைய தொலைபேசி எண்கள் அவள் தலைக்குள் இருந்தன. அப்படிப்பட்டவள் இலாகாத் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தாள். அதுவும் விழுந்து விழுந்து படித்துத் தோற்றிருந்தாள். படிக்காமல் தோற்றவர்களுக்காவது சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. இவளுக்கு அதுவும் இல்லை.

1999-ன் தொடக்கம். உவரியில் பிறந்த வினோலியாவுக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. காதில் ஹெட்போனும் கையில் பென்சிலுமாக ஆபரேட்டர் வேலையில் பதினோரு வருடம். தெருவுக்கு இரண்டு எஸ்.டி.டி. பூத் முளைத்துவிட்டதால் ஆபரேட்டர் வழியாக வெளியூருக்கு டிரங்க் கால் கேட்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அழைப்புகளை இணைக்கும் போர்டுகள் பதினாறு இருந்த அறையில் நான்குதான் மிச்சம். அதையும் மூடிவிட்டால் ஆபரேட்டர்களை எந்த மாவட்டத்துக்கு வேண்டுமானாலும் தூக்கிப் போடுவார்கள். கணவர் டைட்டஸுக்கு தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை; இவளும் வேறு திசைக்குப் போனால் குடும்பம் என்னாவது?

டெக்னிக்கல் அசிஸ்டென்ட் தேர்வில் தேறினால் இதே ஊரில் இருக்கலாம். மூன்று முறைதான் எழுத விடுவார்கள். ஜூன் மாதம் வருவது மூன்றாவது. ஆனால் வேலை ஒன்றுக்காக மட்டும் அவள் அந்தத் தேர்வை எழுதவில்லை. பதினோரு வருடமாக போர்டின் முன்னால் உட்கார்ந்து வயரைச் செருகியவளுக்கு, அந்தப் பலகைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அடங்காத ஆசை.

அவள் படிக்கும் அழகு தனி. மூன்று பெரிய நோட்டுகள். தலைப்புக்குச் சிவப்பு மை, விளக்கத்துக்கு நீலம், படங்களுக்குப் பென்சில். பக்கத்து போர்டு ஞானம்பாள் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஏளா, இதைக் கண்ணாடி போட்டுச் சொவத்துல மாட்டு. பரீட்சைக்கு வேற ஏதாவது படி."

ஞானம்பாளுக்கு ஓய்வு பெற இரண்டே வருடம். தேர்வு, மாற்றல் எதைப் பற்றியும் கவலை இல்லாதவள். அதனால் வாயும் கொஞ்சம் நீளம்.

அந்தச் சமயத்தில்தான் கீழ்த்தளத்தில், பொதுமக்கள் வந்து பார்க்கட்டும் என்று இண்டர்நெட் இணைப்போடு ஒரு கம்ப்யூட்டரை வைத்தார்கள். அதற்குப் பொறுப்பு குருபிரசாத் என்ற இளம் அதிகாரி. அவர் பாடு பாவம். வந்த நாலு பேரில் மூன்று பேர் அமெரிக்காவில் இருக்கும் மகன் இதில் தெரிவானா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான்காவது ஆள் மின்விசிறிக்காக வந்தவர்.

ஒரு நாள் டியூட்டி முடிந்து இறங்கிய வினோலியாவை அவர் பிடித்துக்கொண்டார்.

"வாங்க மேடம். இதுல பெரிய பெரிய யுனிவர்சிட்டி பாடமெல்லாம் சும்மா கெடக்கு. ஒரு ஈ காக்கா வரமாட்டேங்குது. என்ன வேணும், சொல்லுங்க."

"படிச்சது மறக்காம இருக்க ஏதாவது போட்டிருக்கானான்னு பாருங்க சார்" என்றாள். பாதி விளையாட்டு, பாதி வயிற்றெரிச்சல்.

மோடம் கத்தி ஓய்ந்து, வரி வரியாக ஒரு பக்கம் இறங்கியது. எங்கோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்காகப் போட்டு வைத்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், காசு கிடையாது. வினோலியா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். விடுவாளா? முக்கால் மணி நேரம் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினாள், தலைப்புகளுக்கு அடிக்கோடு வேறு.

பாளையங்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஆற்றுப்பாலத்தில் பஸ் ஏறும்போது, படித்ததை ஒரு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். மூன்று விஷயம் சொல்லியிருந்தது. மூன்று என்பது நினைவிருக்கிறது. என்ன மூன்று? பாலம் முடிந்தது, முருகன்குறிச்சியும் வந்துவிட்டது. ஒன்றுகூட வரவில்லை. ஞாபகத்தைப் பற்றிப் படித்த பாடமே ஒரு மணி நேரத்தில் காணாமல் போனதில் அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. இறங்கும்போது அழுகை வந்தது. நமக்கு மண்டையில் ஒன்றும் இல்லை, உவரிக்காரிக்கு இந்த வயதில் எதற்கு இந்த வேலை என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காலை டவுன் மண்டியிலிருந்து ஒரு அண்ணாச்சி கூப்பிட்டார். "அம்மா, நம்ம உடன்குடிக்குப் போடுங்க." எண்ணைச் சொல்ல மாட்டார், சொன்னதே இல்லை. வினோலியாவின் மனதில் எண் வந்தது, அதற்குப் பிறகுதான் பென்சில் அதை டிக்கெட்டில், அதாவது அழைப்புச் சீட்டில் எழுதியது. அடுத்த அழைப்பு புதிய ஆள். அவர் சொன்ன எண்ணை எழுதினாள், இணைத்தாள், அவர் பேசி முடித்ததும் டிக்கெட்டைப் பெட்டியில் போட்டாள். போட்ட கையோடு எண்ணும் போயிற்று.

போகத்தான் வேண்டும். ஒருவர் எண் தங்கினால் அடுத்தவர் எண்ணோடு கலந்துவிடும். வேலைக்குச் சேரும் முதல் நாளே ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்: எழுதியாச்சா, விட்டுவிடு.

வினோலியா ஹெட்போனைக் கழற்றினாள்.

"யக்கா, மூணு நோட்டையும் நான் டிக்கெட் எழுதுத மாதிரில்லா எழுதியிருக்கேன்!"

"என்னளா சொல்லுதே?"

"எழுதுனதும் விட்டுட்டேன்க்கா. பதினோரு வருசமா மறக்கப் பழகியிருக்கேன். உடன்குடி நம்பர் ஏன் நிக்கி? எழுதுததுக்கு முன்னாலயே மனசுல இருந்து எடுக்கேன். அதுவும் இன்னைக்கு, நாலு நாள் கழிச்சு, அடுத்த வாரம்னு அவர் கேட்டுக்கிட்டே இருக்காரு."

கைப்பையிலிருந்த அந்த நாலு பக்கத்தை எடுத்துப் பார்த்தாள். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல். விட்டு விட்டு, இடைவெளி கொடுத்துத் திரும்பி வா. உன்னையே கேள்வி கேள். அந்த வெளிநாட்டுக்காரன் சொன்னதை உடன்குடி வியாபாரம் அவளுக்கு என்றோ சொல்லிக் கொடுத்துவிட்டது. அவள்தான் அதைப் பாடத்துக்குப் பயன்படுத்தவில்லை.

கழித்துப் போட்ட பழைய டிக்கெட் கட்டுகள் மூலையில் குவிந்து கிடந்தன. மேலதிகாரியிடம் கேட்டு ஒரு கட்டை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் ஒரு கேள்வி, விடை கிடையாது. மூலையில் அடுத்து எந்தத் தேதியில் கேட்க வேண்டும் என்பது மட்டும். தெரியாத பாடம் என்றால் கீழ்த்தளத்துக்குப் போய், குருபிரசாத்தின் கம்ப்யூட்டரில் விளக்கம் படித்தாள். ஆனால் பேனாவைத் தொடவில்லை. படித்து, எழுந்து, மாடிப்படி ஏறும்போது தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். பாதியில் நின்றால் மறுபடி இறங்கினாள். ஒரு நாள் ஒரே பாடத்துக்கு ஆறு தடவை ஏறி இறங்கினாள். யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று காவலாளி விசாரித்தார்.

சாப்பாட்டு வேளையில் கேள்வி கேட்கும் பொறுப்பு ஞானம்பாளுக்கு. சந்தாதாரர் போலவே கேட்பாள்.

"ஹலோ, ரிலே எப்படி வேலை செய்யுதுன்னு அவசரமா வேணும். லைட்னிங் கால்ல போடுங்க, காசு எத்தனை மடங்கு ஆனாலும் சரி."

முதல் வாரம் நாற்பது கேள்வியில் பதினொன்றுதான் தேறியது. "இதுக்கு அந்த நோட்டே தேவலம் போலுக்கே" என்று ஞானம்பாள் உதட்டைப் பிதுக்கினாள். வினோலியாவுக்கும் அன்று மாலை நோட்டின் பக்கம் கை போனது. அழகான நோட்டு, புரட்டினால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அந்தத் தெரிந்த மாதிரிதான் இரண்டு முறை கழுத்தை அறுத்தது. மூன்றையும் கட்டிப் பரணில் போட்டாள்.

இரண்டாம் வாரம் பத்தொன்பது. மே மாதம் முப்பத்தாறு. கேட்டுக் கேட்டு ஞானம்பாளுக்கே பாதி விடை பாடமாகிவிட்டது. "நான் போய் எழுதினாக்கூட பாஸாயிருவேன் போல" என்று அலுத்துக்கொண்டாள், ஆனால் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

ஜூனில் தேர்வு. கேள்வித்தாளை வாங்கிய வினோலியா, கேள்விகளைப் படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். மேற்பார்வையாளர் விநோதமாகப் பார்த்தார். அவள் விடையை மனதில் முழுதாக எடுத்த பிறகே பேனாவைத் திறந்தாள். வெளியே வந்தபோது பயம் இல்லை. எழுதியது எதுவும் நினைவிலும் இல்லை. வழக்கப்படி அது போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆகஸ்டில் ஒரு பகல். போர்டில் சென்னை வட்டத் தலைமை அலுவலகத்தின் அழைப்பு விளக்கு எரிந்தது. தேர்வு முடிவு எழுத்தில் தபாலில் வரும், அதற்கு முன் தேறியவர்களின் தேர்வு எண்களை மட்டும் சொல்கிறோம், எழுதிக்கொள்ளுங்கள் என்றார் ஒருவர். திருநெல்வேலி மாவட்டத்துக்கு ஏழு பேர். போனில் எண் வாங்கினால், ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும், அதுதான் முறை. வினோலியா பென்சிலை எடுத்தாள். ஞானம்பாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

முதல் எண். திருப்பிச் சொன்னாள். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது எண்ணை அவர் சொல்லி முடிப்பதற்குள் வினோலியாவின் பென்சில் அதை எழுதி முடித்திருந்தது. முறைப்படி அதையும் திருப்பிச் சொன்னாள்.

"நாலு, ஒண்ணு, ஏழு, ரெண்டு, எட்டு. சரிதானே சார்?"

"சரி. என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு? லைன் சரியில்லையா?"

"லைன் நல்லாருக்கு சார். அது என் நம்பர்."

ஞானம்பாள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். வினோலியாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கி ஹெட்போன் வயரை நனைத்தது. அவள் துடைக்கவில்லை, பென்சிலையும் கீழே வைக்கவில்லை.

"அடுத்த நம்பர் சொல்லுங்க சார். இன்னும் மூணு பேரு இருக்காங்க."