மணலில் வரைந்த காப்புரிமை

எதையாவது கண்டுபிடித்துவிட்டு, காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே வெளியே எடுத்துப்போய்ச் சோதிக்கத் துடிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை மயிலாப்பூரிலிருந்து தி.நகர் போய், அங்கிருந்து பெசன்ட் நகருக்கு ஓடினேன்.

செல்போன் கோபுரம் அலையை நாலா பக்கமும் இறைக்காமல், நம் போன் இருக்கும் திசை பார்த்து அனுப்புவதை பீம்ஃபார்மிங் என்பார்கள். ஆடிக்கொண்டே போகும் படகிலிருக்கும் போனையும் விடாமல் பின்தொடர, நானும் தோழி சுதாவும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். இருவரும் வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் இதிலேயே கிடந்தோம். இது போனால் எங்களிடம் வேறொன்றும் இல்லை.

தி.நகர் ஐந்து கிலோமீட்டர், ஆட்டோ நூற்றைம்பது. பனகல் பார்க்கிலேயே இறங்கி வக்கீல் ஆபீசுக்கு நடந்துவிடுங்கள், சீக்கிரம் போய்ச் சேரலாம். காப்புரிமை வக்கீலம்மா முதலில் கேட்டதே இதைத்தான்: "வெளியாள் யார்கிட்டயாவது விளக்கினீங்களா? விஷயம் வெளிய போயிட்டா, இது புதுசு இல்லன்னு விண்ணப்பத்தத் தள்ளிட வாய்ப்பிருக்கு."

எனக்குப் பகீரென்றது. முந்தின ஞாயிறு பெசன்ட் நகர் ஊரூர் குப்பத்துக் கரையில் சோதனை செய்தபோது, மீன் விற்கும் கஸ்தூரி அக்கா "இன்னாம்மா இது?" என்று கேட்டார். இன்ஜினியரிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. குச்சியை எடுத்து மணலில் மொத்தக் கணக்கையும் வரைந்து பாடமே நடத்திவிட்டேன். அக்கா அதைப் போனில் வீடியோ எடுத்தார்.

"அந்த வீடியோ எங்கெல்லாம் போச்சுன்னு உடனே பாருங்க" என்றார் எல்லாவற்றையும் கேட்ட வக்கீலம்மா.

பெசன்ட் நகருக்கு எட்டு கிலோமீட்டர், ஆட்டோ இருநூற்றைம்பது. "இன்னா மேடம், மூஞ்சே செரியில்ல. ஆஸ்பத்திரிக்கா?" என்றார் டிரைவர். "இல்லண்ணா, ஒரு வீடியோ பாக்க" என்றேன்.

"யாருக்கும் அனுப்பலம்மா, என் போன்ல தான் கீது" என்று குப்பத்தில் கஸ்தூரி அக்கா வீடியோவைப் போட்டுக் காட்டினார். காற்று இரைச்சலில் என் குரலே கேட்கவில்லை. மணலில் இருந்தது வெறும் கோலம் போலத் தெரிந்தது. அப்பாடா என்று மறுபடி ஓட்டினேன். வீடியோவில் என் தோளுக்குப் பின்னால் நீலச் சட்டைக்காரர் ஒருவர், மணலுக்கு நேராகத் தன் போனைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"அக்கா, இந்த ஆளு யாரு?"

"தெர்லயேம்மா. நம்ம குப்பத்து ஆளு இல்ல. நீ சொல்லச் சொல்ல கேட்டுக்கினே இருந்தாரு."

அன்று மாலையே விண்ணப்பத்தைப் போட்டுவிட்டோம். நீங்கள் அதை முதலில் செய்யுங்கள், கடற்கரை எங்கும் போய்விடாது. ஐந்து மணிக்கு மேல் அங்கே நல்ல கூட்டம். அத்தனை கூட்டத்திலும் ஒரே ஒரு போனைக் கண்டுபிடித்து அலை அனுப்ப எங்களால் முடியும். நீலச் சட்டைக்காரரை இன்று மாலையும் தேடினேன், காணவில்லை.