ஓரத்தில் நின்றவர்களைத் தேடிய எங்கள் அண்ணா

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அண்ணா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அண்ணி கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிழையாக எழுதிவிடுவேனோ, யாருடைய பெயராவது விடுபட்டு அவர்கள் மனம் நோகுமோ என்று பயம். "மச்சாள், நீங்கள் எழுதாட்டி வேற ஆர் எழுதிறது? அவரின்ர சின்ன வயசு உங்களுக்குத்தானே தெரியும்" என்றார் அண்ணி. அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. ஒரு தங்கை தன் அண்ணாவைப் பற்றி எழுதுவதில் குற்றம் பார்க்கமாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

அண்ணா பிறந்தது பருத்தித்துறைக் கடற்கரையில். அவருக்கு மீசை அரும்பிய வயதில் அப்பா ஒரு காய்ச்சலோடு போய்விட்டார். அம்மாவுக்கு அப்போது தலையில் ஒரு நரை கூட இல்லை. பொட்டையும் நிறச் சேலைகளையும் அன்றோடு விட்டார். கலியாண வீடுகளுக்குப் பலகாரம் சுட்டுக் கொடுத்துத்தான் எங்களை வளர்த்தார். மா இடிக்கவும் அரிக்கவும் ஆள் வேண்டும் என்று நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அண்ணா கப்பலுக்குப் போனார். போகும்போது என்னிடம், "அம்மாவைப் பாத்துக்கொள். நெருப்புக்குக் கிட்ட நிண்டு அவவின்ர கண் பழுதாகுது" என்று மட்டும் சொன்னார்.

கப்பலில் சமையற்கட்டில் உதவியாளாகச் சேர்ந்து, பிறகு சமையற்காரரானார். எத்தனையோ துறைமுகங்களைப் பார்த்தவர். ஆனால் அவர் வாயில் எப்போதும் வந்த ஊர் ஒன்றுதான். அமெரிக்காவின் தெற்கே, டெக்ஸாஸ் கரையில் தீவாகக் கிடக்கும் கல்வெஸ்டன். கோதுமை ஏற்றப் போன கப்பல் மழையால் அங்கே காத்து நின்றதாம். மழை பெய்தால் தானிய அறையின் மூடியைத் திறக்கமாட்டார்கள். பொழுது போகாமல் இறங்கி நடந்தவர், பழைய சாமான் விற்கும் கடையொன்றில் அந்த நகரத்தின் பழைய புகைப்படங்கள் நிறைந்த தடித்த புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார்.

ஊரில் நிலைமை கெட்டபோது அண்ணா நோர்வேயில் இறங்கி இங்கேயே தங்கிவிட்டார். ஒஸ்லோவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தார். சில வருடங்களில் என்னையும் இங்கே எடுப்பித்தார். பயண ஏஜென்சிக்காரன் ஒன்றும் கொண்டுவரக்கூடாது என்று சொன்னதால், போட்டிருந்த உடுப்போடு வந்து இறங்கினேன். அண்ணாவின் சின்ன அறையில் ஒரு கட்டில், ஒரு பானை, அந்தப் புத்தகம். எனக்கு முதலில் சோறு போட்டார். பிறகு புத்தகத்தை விரித்தார்.

அவர் வீட்டுக்குப் போன எல்லோருக்கும் அந்தப் புத்தகம் தெரிந்திருக்கும். முதல் பக்கங்களில் துறைமுகம் நிறையப் பருத்திப் பொதிகள், குதிரை இழுக்கும் வண்டிகள், கடலுக்குள் தூண் நட்டுக் கட்டிய குளிப்பு மண்டபங்கள். நடுவில் பெரும்புயல். ஒரு நகரமே விறகுக் குவியலாகக் கிடக்கும் படங்கள். அதற்குப் பிறகு வருவதுதான் அண்ணாவுக்குப் பிடித்தது. அந்த மக்கள் கடலுக்குச் சுவர் கட்டினார்கள். அது போதாதென்று வீடுகளையும் மாதாகோயிலையும் ஜாக்கி வைத்து உயர்த்தி, அடியில் கடல் மண்ணை இறைத்து ஊரையே மேலே தூக்கினார்கள். அந்த வருடங்களில் சனங்கள் பலகைப் பாலங்களில் நடந்து கடைக்குப் போனார்கள். "கோயிலைத் தூக்கேக்கையும் உள்ளுக்குப் பூசை நிக்கேல்லையாம்" என்பார். தன் சொந்த ஊர்ப் பெருமை போலச் சொல்வார். "அண்ணை, உங்கட அமெரிக்காவை மூடி வைச்சிட்டுத் தேத்தண்ணியைத் தாங்கோ" என்று நண்பர்கள் பகிடி பண்ணுவார்கள். தேநீர் வரும். புத்தகமும் கூடவே வரும்.

அண்ணி வந்தார், மகள் பிறந்தாள், வீடு வாங்கினார். யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்லாத மனிதர். இங்கே புதிதாக வந்து இறங்கிய பல பேர் முதல் மாதம் படுத்தது அவருடைய வீட்டு வரவேற்பறையில்தான். அதைச் சொல்லிக் காட்டியதை ஒருநாளும் நான் கேட்டதில்லை.

அம்மாவை இங்கே கூப்பிட எவ்வளவோ பாடுபட்டார். அம்மா வரவில்லை. தன் படமாவது அனுப்பச் சொல்லித் தொலைபேசியில் கெஞ்சுவார். வரும் கடிதத்துக்குள் அண்ணா அனுப்பிய காசில் கட்டிய கிணற்றின் படம் இருக்கும். இன்னொரு முறை புதிய ஓட்டுக் கூரை, கன்று போட்ட பசு. "அம்மா, கிணத்தை நான் என்ன செய்ய? நீங்கள் பக்கத்தில நிண்டு எடுங்கோவன்" என்பார். "நான் என்னத்துக்கு? கிணறு படத்தில வடிவாய் விழுந்திருக்குத்தானே" என்பார் அம்மா. நாங்கள் சிரித்தோம்.

இரண்டாயிரத்து நாலு மார்கழியில் சுனாமி வந்தது. அம்மாவையும் வீட்டையும் கடல் கொண்டுபோனது. உடலை அங்கிருந்தவர்கள் மற்றவர்களோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்கள். எங்களுக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டில் இருந்த ஒன்றிரண்டு படங்களும் அம்மாவின் அடையாள அட்டையும் கடலோடு போயின. இங்கே எங்களிடம் இருந்தது கிணறும் கூரையும் பசுவும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்த ஐயர், "அம்மாவின்ர படத்தைக் கொண்டுவாங்கோ, மாலை போட வேணும்" என்றார். அண்ணா எழும்பி உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தங்கச்சி, எனக்கு அம்மாவின்ர முகம் மாறி மாறி வருகுது. மூக்கு வந்தால் கண் வரேல்லை" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சொன்னால் அவர் உடைந்துவிடுவார் என்று பயந்து, கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். அன்று வெறும் விளக்குக்குத்தான் மாலை போட்டோம்.

அதற்குப் பிறகு அண்ணா வீடு வீடாகப் போகத் தொடங்கினார். பருத்தித்துறைப் பக்கத்து ஆட்கள் எங்கே இருந்தாலும் போய், கலியாண அல்பத்தைக் காட்டும்படி கேட்பார். அம்மா பலகாரம் சுட்ட கலியாணங்கள் எத்தனை! ஒன்றிலாவது இருக்கமாட்டாரா என்ற எண்ணம். "என்ன அண்ணை, எல்லாற்ற அல்பத்தையும் பாக்கிறியள், தரகர் வேலை துவங்கீட்டியளோ?" என்று ஒருவர் கேட்டார். "ஓம், எனக்குத்தான் பொம்பிளை பாக்கிறன். அண்ணிக்குச் சொல்லிப்போடாதை" என்று சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினார். பக்கத்தில் இருந்த எனக்குத்தான் தெரியும், அவர் ஒவ்வொரு முகத்திலும் விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்.

ஒஸ்லோவுக்கு வெளியே நான் குடியிருக்கும் லில்லெஸ்ட்ரோமில், பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு அக்காவின் வீட்டுக்கும் போனோம். அல்பம் முழுவதையும் பார்த்து முடித்த அண்ணா கேட்டார்: "அக்கா, அம்மா உங்கட கலியாணத்துக்கு வரேல்லையோ?"

"என்ன தம்பி கேக்கிறாய்? முதல் நாளே வந்து நிண்டவா. அவ்வளவு பலகாரமும் அவவின்ர கைதானே."

"அப்ப ஏன் ஒரு படத்திலையும் இல்லை?"

அந்த அக்கா அல்பத்தை மெல்ல மூடினார். "தாலி கட்டேக்க அவ முன்னுக்கு வரமாட்டா தம்பி. புருசன் இல்லாத ஆள் எல்லே. படம் எடுக்க வெளிக்கிட்டால் குசினிக்குள்ளை போயிடுவா." பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாங்களும் வாங்கோ எண்டு கூப்பிடேல்லை."

அன்று அண்ணா என்னையும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். வீட்டுக்கு வந்ததும் கல்வெஸ்டன் புத்தகத்தை எடுத்து, தூக்கி நிறுத்திய மாதாகோயிலின் படத்தை விரித்தார். எத்தனையோ முறை பார்த்த படம். அதன் ஓரத்தில், துணிக் கூடையோடு ஒரு கறுப்பினப் பெண் நிற்கிறார். பாதி உடம்பு படத்துக்கு வெளியே. எல்லோரும் கோயிலைப் பார்க்க, அவர் மட்டும் எங்களைப் பார்க்கிறார். "படத்துக்குக் கீழை கோயிலின்ர பேர் கிடக்கு. தூக்கின கொம்பனியின்ர பேர் கிடக்கு. இந்தப் பிள்ளையின்ர பேர் இல்லை" என்றார் அண்ணா. "நாங்கள் நடுவில தேடியிருக்கிறம், தங்கச்சி. அம்மா நடுவில நிண்ட ஆளே?"

பழைய கமராவில் பிலிம் றோல் முடியாமல் கழுவக் கொடுக்க முடியாது. கலியாணம் முடிந்த பிறகு மிஞ்சிய ஒன்றிரண்டு படத்தை அவசரத்தில் கண்ட இடத்தில் எடுத்து முடிப்பார்கள். வீட்டுப் பின்வளவு, சோறு வேகும் கிடாரம், பாத்திரம் கழுவுகிற ஆட்கள். அவை அல்பத்துக்குள் போவதில்லை. ஸ்டூடியோ உறைக்குள்ளேயே கிடக்கும். அன்றிலிருந்து அண்ணா அல்பம் கேட்பதை விட்டு, "றோல் முடிக்க எடுத்த படம் கிடக்கோ?" என்று கேட்கத் தொடங்கினார்.

அப்படித் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்குப் புற்றுநோய் என்று சொன்னார்கள். நான் வேலை செய்யும் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில், செய்தி கேட்டு, துடைத்துக்கொண்டிருந்த தளத்திலேயே குந்திவிட்டேன். அண்ணாவோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தும் தொலைபேசியை விடவில்லை. "அண்ணா, கொஞ்சம் படுங்கோ" என்றால், "படுக்கத்தானே போறன் பிள்ளை, அவசரப்படாதை" என்பார். அந்தப் பகிடிக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துரொண்ட்ஹெய்மில் இருக்கும் எங்கள் ஊர்க் கமலா அக்கா அனுப்பிய உறை, அண்ணா சாப்பாட்டைக் குறைத்திருந்த நாட்களில் வந்தது. நான்தான் முதலில் திறந்தேன். கலியாண வீட்டு வளவு. பலகாரம் பொரிக்கும் பெரிய தாச்சி, புகை. அதற்கு முன்னால் வெள்ளைச் சேலையோடு ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறார். முகம் இல்லை. இதைக் காட்டினால் அவர் மனம் இன்னும் நொந்துவிடுமோ, காட்டாமல் விட்டால் பிறகு என்னை நானே மன்னிப்பேனோ என்று பையைத் திறப்பதும் மூடுவதுமாக ஆஸ்பத்திரி அறை வாசலில் நின்றேன். அண்ணாவின் மகள்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

அண்ணா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இடது கையைப் பின்னால் இடுப்பில் ஊன்றி, வலது கையால் தாச்சியைக் கிளறும் அந்த இருப்பு. "அம்மா" என்றார். வேறு ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நானும் பார்த்தேன். அம்மாதான்.

மகள் அந்தப் படத்தை ஸ்கான் பண்ணிக் கணினியில் பெருப்பித்துப் பார்த்தாள். "மாமி, பெரிசாக்கினால் வெறும் புள்ளியாய்ப் போகுது" என்று அழுதாள். அண்ணாவுக்குச் சின்னப் படமே போதுமாக இருந்தது. தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். கடைசி நாட்களில் மருந்து மயக்கத்தில் எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து, சின்னப் பிள்ளை கேட்பது போல மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்: "அம்மா, ஒருக்கால் திரும்புங்கோவன்."

அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதை எழுதும்போதும் பேனையைக் கீழே வைத்துவிட்டு, பிறகுதான் எழுதினேன்.

அண்ணாவைக் கடைசி வரை பார்த்த தாதிமாருக்கும், வேலை முடித்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்த அவருடைய சமையலறைத் தோழர்களுக்கும், சமைத்து அனுப்பிய வீடுகளுக்கும், இறுதிக் கிரியையில் தோள் கொடுத்தவர்களுக்கும், தூரத்திலிருந்து உறை அனுப்பிய கமலா அக்காவுக்கும், தங்கள் அல்பங்களை மனம் கோணாமல் திறந்து காட்டிய ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் சொல்லாமல் விட்டவர்கள் கோபிக்க வேண்டாம். எனக்கு ஒரு பெயரைச் சொல்லி இன்னொன்றை விடப் பயம்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். அண்ணாவின் அந்தியேட்டி முடிந்த பிறகு, மலரில் போடுவதற்காகக் குடும்பமாக ஒரு படம் எடுக்க எல்லோரும் மண்டபத்தில் நின்றோம். திரும்பிப் பார்க்கிறேன், அண்ணியைக் காணவில்லை. குசினிக் கதவுக்குப் பின்னால் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, படம் எடுக்கப் போகினம். வாங்கோ."

"நீங்கள் நில்லுங்கோ மச்சாள். நான் என்னத்துக்கு?"

நான் உரத்துக் கதைக்காதவள். நாலு பேருக்கு முன்னால் குரல் எழுப்பிப் பழக்கமில்லை. ஆனால் அன்று கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். "என்ன பிள்ளை இது" என்று பெரியவர் ஒருவர் சொன்னது கேட்டது. "அண்ணா தேடினது போதும்" என்றேன். அண்ணியை நடுவில் நிறுத்தினேன். படம் எடுப்பவர் பொறுத்து நின்றார்.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் இரண்டு படங்கள் இருக்கின்றன. மேலே உள்ளதில் முதுகு காட்டி இருப்பவர் எங்கள் அம்மா. கீழே உள்ளதில் எல்லோருக்கும் நடுவில், நேரே பார்த்துக்கொண்டு நிற்பவர் எங்கள் அண்ணி.